எலக்ட்ரிக் கார் இடிபட்டால்: டிங்கரிங், பெயிண்டிங், க்ளெய்ம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவையில் ஒரு பாடி ஷாப்பில் எஸ்டிமேட் போடும் வேலையில் இருக்கிறேன். எலக்ட்ரிக் கார் வைத்திருப்பவர்கள் வண்டியோடு உள்ளே வந்ததும் கேட்பது, போனில் கேட்பது, பக்கத்து டிங்கர் கடைக்காரர்கள் சந்தேகம் என்று வந்து கேட்பது எல்லாம் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி இருப்பதால் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன். இந்த வண்டிகளில் அடி எவ்வளவு பெரிது என்பதைவிட எந்த இடத்தில் பட்டது என்பதுதான் பெரிய விஷயம், கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் அதைச் சுற்றியே இருக்கும்.

சார், கரண்ட் வண்டி, டோர்ல டொக்கு விழுந்திருக்கு. சாதாரண டிங்கர் கடைல குடுக்கலாமா?

கொடுக்கலாம். கதவு, ஃபெண்டர், பம்பர், டிக்கி கதவு எல்லாம் பெட்ரோல் வண்டியில் இருக்கும் அதே தகடும் பிளாஸ்டிக்கும்தான். நெக்ஸான், டியாகோ எல்லாம் பெட்ரோலிலும் வருகின்றன, எலக்ட்ரிக்கிலும் வருகின்றன, தகடு அடித்து நிமிர்த்தும் வேலையில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. கதவுக்குள் ஓடுவது கண்ணாடி மோட்டார், லாக், ஸ்பீக்கர் இவற்றுக்கான 12 வோல்ட் ஒயர்.

பெயிண்ட் உரியாமல் உள்வாங்கின டொக்கு மட்டும் என்றால் முதலில் பெயிண்ட் அடிக்காமல் எடுக்க முடியுமா என்று கேளுங்கள். பின்பக்கமிருந்து கம்பி விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி எடுப்பார்கள், பட்டி வைக்க வேண்டியதில்லை, கம்பெனி பெயிண்ட் அப்படியே தங்கும். ஓரம் மடங்கியிருந்தாலோ தகடு கிழிந்திருந்தாலோ அது நடக்காது.

அப்போ எதுக்குத்தான் ஈவி தெரிஞ்ச இடத்துக்குப் போகணும்? எங்க கோடு போடறது?

வண்டியின் தரைமட்டத்தில் போடுங்கள். பேட்டரி தரைக்கு அடியில் பெட்டியாக உட்கார்ந்திருக்கிறது. கதவுக்குக் கீழே, ஏறும்போது கால் படுமே, அந்த நீளப் பெட்டிப் பகுதி, தரைத்தகடு, அடியில் இருக்கும் குறுக்குச் சட்டம், இவற்றில் எங்கே அடி பட்டிருந்தாலும் ஈவி பயிற்சி எடுத்த ஆள் பார்க்க வேண்டும். பானெட்டுக்குள் ஆரஞ்சு நிற ஒயர் தெரிகிற இடம் வரை தகடு நசுங்கி உள்ளே போயிருந்தாலும் அதே கதைதான். உயர் மின்னழுத்த கேபிள்களுக்கு ஆரஞ்சு நிறம் என்பது உலகம் முழுக்க உள்ள பழக்கம். நெக்ஸான் மாதிரி வண்டியில் அதில் ஓடுவது 300 வோல்ட்டுக்கு மேல், அதுவும் நேர்மின்சாரம். ஏர்பேக் விரிந்த வண்டியையும் வெளியே எங்கும் கொடுக்காதீர்கள்.

இடிச்சதுக்கு அப்புறம் வண்டியத் தொட்டா ஷாக் அடிக்குமா? வீட்ல பசங்களே பயப்படறாங்க.

பாடியைத் தொட்டால் ஷாக் அடிக்கும்படி இந்த வண்டிகளைச் செய்வதில்லை. 12 வோல்ட் பேட்டரியின் மைனஸ் ஒயர் பாடியோடு சேர்ந்திருக்கும், ஆனால் பெரிய பேட்டரியின் பிளஸ், மைனஸ் இரண்டுமே பாடியைத் தொடாமல் தனியாக ஓடுகின்றன. எங்காவது இன்சுலேஷன் கெட்டுப் பாடியை நோக்கிக் கசிந்தால் வண்டியே அதைக் கண்டுபிடித்து எச்சரிக்கை காட்டும். பலமான மோதலில் ஏர்பேக் விரியும்போதே பேட்டரிக்குள் இருக்கும் கான்டாக்டர் (இணைப்பைச் சேர்த்துப் பிரிக்கும் பெரிய ஸ்விட்ச்) திறந்து, வெளியே வரும் மின்சாரம் நின்றுவிடும்.

ஆனால் அறுந்தோ உரிந்தோ தொங்கும் ஆரஞ்சு கேபிளை யாரும் கையால் தொடவே கூடாது, அணைத்து வைத்த வண்டியாக இருந்தாலும் சரி.

தம்பி, நாங்க வெல்டிங் வெக்கறப்ப பேட்டரி ஒயரக் கழட்டிடுவோம். இதுலயும் அதான? (இது டிங்கர் கடை வைத்திருக்கும் அண்ணன் கேட்டது)

போதாதுண்ணே. 12 வோல்ட்டைக் கழற்றினால் கான்டாக்டர் இணைப்பைச் சேர்க்காது, அதனால் மின்சாரம் பெரிய பேட்டரிக்குள்ளேயே நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் இன்வெர்ட்டரில் (பேட்டரி கரண்டை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி) இருக்கும் கெப்பாசிட்டர்களில் சார்ஜ் கொஞ்ச நேரம் தங்கும். அதனால் வண்டியை அணைத்து, 12 வோல்ட்டைக் கழற்றி, அப்புறம் சர்வீஸ் பிளக்கை (பெரிய பேட்டரியின் இணைப்பைத் துண்டிக்கும் பிளக்) உருவி, கம்பெனி புத்தகத்தில் சொன்ன நிமிடங்கள் காத்திருந்து, மீட்டர் வைத்து வோல்ட் பூஜ்யம் என்று பார்த்த பிறகுதான் பக்கத்தில் கை வைக்கலாம். இதைச் செய்கிறவருக்கு 1000 வோல்ட் தாங்கும் ரப்பர் கையுறை வேண்டும், அதில் ஓட்டை இருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் ஊதிப் பார்க்க வேண்டும். உருவின பிளக்கைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வது நல்லது, விஷயம் தெரியாத இன்னொருவர் எடுத்து மாட்டிவிடக் கூடாது.

இன்னொன்று, இவ்வளவும் செய்த பிறகும் பேட்டரிப் பெட்டிக்குள் மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கும். பக்கத்தில் வெல்டிங், கட்டிங் என்றால் பேட்டரியை இறக்கிவிட்டுச் செய்ய வேண்டிய இடங்கள் உண்டு, அதைக் கம்பெனியின் ரிப்பேர் புத்தகம்தான் சொல்லும். கதவு, ஃபெண்டர் மாதிரி கழற்றி மாட்டும் பாகம் என்றால் வண்டியிலிருந்து கழற்றித் தனியாக வைத்து வெல்டு வையுங்கள், தலைவலியே இல்லை.

பெயிண்ட் பூத்ல சூடு வெப்பாங்களே, பேட்டரி வெடிச்சுடாதா?

வெடிக்காது, ஆனால் சூடு கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். க்ளியர் கோட் காய வழக்கமாக 60 டிகிரி அளவில் அரை மணி நேரம் வைப்பார்கள். லித்தியம் பேட்டரிக்கு 60 டிகிரிக்கு மேல் நீண்ட நேரம் இருப்பது ஆகாது, ஆயுள் குறையும். பேட்டரி பெரிய கனமான பெட்டி, மேல் தகடு சூடாகும் வேகத்தில் உள்ளே சூடாகாது, அதனால் ஒரு சுற்று பேக்கிங் பிரச்சினை இல்லை. நாள் முழுக்க பூத்தில் விட்டு 80 டிகிரி ஏற்றுவதுதான் பிரச்சினை. எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்று கம்பெனிகள் வண்டிவாரியாகச் சொல்லியிருக்கின்றன, பாடி ஷாப்பில் தயங்காமல் கேளுங்கள்.

ஒரு பேனல் மட்டும் என்றால் அந்த இடத்துக்கு மட்டும் இன்ஃப்ராரெட் லாம்ப் வைத்தாலே போதும், நம் ஊர் வெயிலுக்குக் குறைந்த சூட்டில் காயும் பெயிண்டும் நன்றாகவே வேலை செய்கிறது. பெயிண்டுக்கு விடும்போது சார்ஜை முழுசாக ஏற்றி விடாதீர்கள், பாதிக்குக் கீழே இருக்கட்டும்.

வேகத்தடைல அடி தட்டுச்சு. வண்டி நல்லாத்தான் ஓடுது, விட்டுடலாமா?

விடாதீர்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். அளவில்லாமல் போட்ட வேகத்தடைகள், தோண்டிப் போட்ட ரோட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் கல், பேஸ்மென்ட் பார்க்கிங் சரிவின் விளிம்பு, இவைதான் நம் ஊரில் பேட்டரிப் பெட்டிக்கு எதிரிகள். முன்னால் மோதினால் எல்லாருக்கும் தெரியும், உடனே கொண்டுவந்துவிடுவார்கள். அடியில் பட்டது வெளியே தெரியாது என்பதால் மாதக் கணக்கில் அப்படியே ஓட்டுகிறார்கள்.

லிஃப்டில் ஏற்றி அடி கவரைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். வெறும் பிளாஸ்டிக் கவர் கீறியிருந்தால் கவர் மாற்றினால் முடிந்தது. பெட்டியின் உலோகத்தில் டொக்கு இருந்தால் அதன் ஆழம், பெட்டியின் விளிம்புச் சீல் பக்கம் வளைந்திருக்கிறதா, கூலன்ட் குழாயில் கசிவு இருக்கிறதா என்று மூன்றும் பார்க்க வேண்டும். அப்புறம் ஸ்கேன் போட்டு இரண்டு விஷயம் எடுக்கச் சொல்லுங்கள்: செல்களுக்கு நடுவே வோல்ட் வித்தியாசம் எவ்வளவு, இன்சுலேஷன் ரெசிஸ்டன்ஸ் (கரண்ட் பாடிக்குக் கசியாமல் தடுக்கும் அளவு) எவ்வளவு. இரண்டும் சரி, டொக்கும் கம்பெனி அனுமதிக்கும் ஆழத்துக்குள் என்றால் போட்டோ எடுத்துத் தேதியோடு வைத்துக்கொண்டு நிம்மதியாக ஓட்டலாம்.

அந்த டொக்கைத் தட்டி நிமிர்த்தித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். அந்தத் தகட்டுக்குப் பின்னால் செல் இருக்கிறது.

பேட்டரி ஐபி67 தானே ப்ரோ, அடி தட்டினாலும் மழைத்தண்ணில இறங்கலாம்ல?

ஐபி67 என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் வைத்தாலும் கேடு வரும் அளவுக்குத் தண்ணீர் உள்ளே போகாது என்று சோதித்தது. சோதித்தது புதுப் பெட்டியை. விளிம்பு வளைந்து சீல் விலகிவிட்டால் அந்த எண்ணுக்கு அர்த்தம் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் கார்கள் எப்படி மூழ்கிக் கிடந்தன என்று எல்லாரும் பார்த்தோம். அடி தட்டின வண்டியைச் சோதிக்காமல் மழைக்காலத்துக்குள் கொண்டுபோகாதீர்கள். ஒருவேளை தண்ணீரில் நின்றுவிட்டால் ஆன் செய்யவும் வேண்டாம், சார்ஜ் போடவும் வேண்டாம், நேராக ரெக்கவரி வண்டியைக் கூப்பிடுங்கள்.

பஞ்சர் கடைல ஜாக் வெச்சதுலதான் அடில நசுங்கிருச்சு, இதுக்கு என்ன பண்றது?

சோதனை மேலே வேகத்தடைக் கேள்வியில் சொன்னதேதான். ஜாக் வைக்க வண்டியின் ஓரத்தில் நான்கு இடங்களை அடையாளம் போட்டிருப்பார்கள், நடுவில் இருப்பது பேட்டரி. பஞ்சர் கடையில் கூடவே நின்று இடத்தைக் காட்டுங்கள், அவர்கள் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பாடி ஷாப்பில் இரண்டு தூண் லிஃப்ட் போடும்போதும் கை பேட்டரிப் பெட்டிமேல் அழுத்தாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மோதினதும் வண்டி ஸ்டார்ட் ஆகல. கயிறு கட்டி இழுத்துட்டு வந்துரட்டுமா?

வேண்டாம். சக்கரம் சுற்றினால் அதோடு சேர்ந்து மோட்டாரும் சுற்றும், சுற்றினால் கரண்ட் உற்பத்தியாகும், அது போகக் கூடாத இடத்துக்குப் போய் எலக்ட்ரானிக்ஸைக் கெடுக்கும். நான்கு சக்கரமும் மேலே ஏறுகிற ஃப்ளாட்பெட் ரெக்கவரிதான் சரி. பாலிசியில் ரோட்சைடு உதவி இருந்தால் கூப்பிடும்போதே "ஈவி, ஃப்ளாட்பெட் வேண்டும்" என்று சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் கொக்கி வண்டி வந்து நிற்கும்.

பேட்டரி பக்கம் அடி பட்ட சந்தேகம் இருந்தால் வண்டியை வீட்டு போர்டிகோவிலோ பேஸ்மென்டிலோ நிறுத்தாதீர்கள். திறந்தவெளியில் மற்ற வண்டிகளிடமிருந்து ஐம்பதடி தள்ளி நிற்கட்டும். அடி பட்ட பேட்டரி சில மணி நேரம் கழித்து, ஏன், சில நாள் கழித்துக்கூடப் புகையலாம். சீறும் சத்தம், பட்பட்டென்ற சத்தம், ஒரு மாதிரி இனிப்பான ரசாயன வாடை, இவற்றில் எது வந்தாலும் விலகி நின்று 101-ஐக் கூப்பிடுங்கள்.

முன்னாடி லேசா தட்டினதுதான். வண்டி ஓடுது, ஆனா சார்ஜ் ஏற மாட்டேங்குது?

சார்ஜிங் போர்ட் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். நெக்ஸான், டியாகோவில் பெட்ரோல் மூடி இருக்கும் இடத்திலேயே வைத்திருக்கிறார்கள். பஞ்ச் ஈவி, எம்ஜி இசட்எஸ், ஸ்ரீபெரும்புதூரில் தயாராகும் கிரெட்டா எலக்ட்ரிக் இவற்றில் முன் முகத்திலேயே இருக்கிறது. அதனால் பெட்ரோல் வண்டியில் வெறும் கிரில் உடையும் அடியில் இங்கே போர்ட் நகர்ந்துவிடும், உள்ளே லாக் பின் வளைந்துவிடும். பிளக் இறுக்கமாகப் போகிறது என்று அழுத்தித் தள்ளிப் பார்க்க வேண்டாம். இது ஆரஞ்சு கேபிள் வேலை, மேலே போட்ட கோட்டுக்கு அந்தப் பக்கம்.

ஒரு பிளாஸ்டிக் பம்பருக்கு எதுக்கு சார் இவ்ளோ பில்?

பம்பர் விலை மட்டும் என்றால் அவ்வளவு வராது. பின்னால் பார்க்கிங் சென்சார், அடாஸ் (தானாக பிரேக் பிடிப்பது மாதிரி ஓட்டுநருக்கு உதவும் வசதி) இருக்கும் வண்டியில் ரேடார், சிலவற்றில் கேமரா. பம்பர் மாற்றினாலோ முன் கண்ணாடி மாற்றினாலோ இவற்றை மறுபடி அளவு பார்த்துச் சரிசெய்ய வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம். அதைத் தவிர்த்துக் காசு மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள், ரேடார் கொஞ்சம் கோணினாலும் தானாக பிரேக் பிடிப்பது தப்பான நேரத்தில் நடக்கும். ரேடாருக்கு முன்னால் வரும் பகுதியில் பட்டியைக் கனமாக வைத்து ஒட்டின பம்பரும் கூடாது, ரேடார் அலை அதைத் தாண்டிச் சரியாகப் போகாது. சென்சார் இல்லாத மூலையில் ஒரு விரிசல் என்றால் பிளாஸ்டிக் வெல்டிங் தாராளமாகச் செய்யலாம், அதைப் பாதி பேர் கேட்பதே இல்லை.

சென்னை புதுப்பேட்டைல பழைய பம்பர் பாதி விலைக்குக் கிடைக்குதே, வாங்கிட்டு வரட்டுமா?

கைக்காசு போட்டுச் செய்வதாக இருந்தால் பம்பர், கண்ணாடி மூடி, கதவு, லைட் மாதிரி பாகங்களை வாங்கலாம். பெட்ரோல் மாடல் பம்பரும் ஈவி பம்பரும் பார்க்க ஒன்றாக இருந்தாலும் கிரில் பகுதியும் கிளிப் இடங்களும் மாறும், உங்கள் பழையதைப் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். க்ளெய்மில் செய்வதானால் பழைய பாகத்துக்கு பில் காட்ட முடியாது, அதனால் ஆகாது. பேட்டரி, இன்வெர்ட்டர், சார்ஜர், ஆரஞ்சு கேபிள், ஏர்பேக், இந்த ஐந்தையும் யார் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் பழையதாக வாங்க வேண்டாம்.

க்ளெய்ம் போடவா, கைக்காசு போட்டுப் பண்ணிக்கவா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். க்ளெய்மே இல்லாமல் இருந்தால் கிடைக்கும் போனஸ் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஆண்டுக்கு ஆண்டு ஏறும். உங்கள் ஓன் டேமேஜ் பிரீமியம் (சொந்த வண்டிக்கு வரும் சேதத்துக்குக் கட்டும் பகுதி) 20,000 ரூபாய், இப்போது 35 சதவீதத்தில் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். க்ளெய்ம் போடாவிட்டால் அடுத்த ஆண்டு 45 சதவீதம், 9,000 ரூபாய் குறையும். போட்டால் பூஜ்யம், மறுபடி 20-லிருந்து ஏற வேண்டும். அப்படியிருக்க 6,000 ரூபாய் பெயிண்ட் வேலைக்கு க்ளெய்ம் போடுவது நஷ்டம். போனஸ் காக்கும் ஆட்-ஆன் எடுத்திருந்தால் கணக்கு வேறு, பாலிசித் தாளில் பாருங்கள்.

அடியில் பட்ட அடிக்கு மட்டும் இந்தக் கணக்குப் போட்டுக்கொண்டு காத்திருக்காதீர்கள். இன்சூரன்ஸுக்கு உடனே தகவல் சொல்லிவிடுங்கள். மூன்று மாதம் ஓட்டிவிட்டு அப்புறம் பேட்டரி கெட்டது என்று போனால், அந்த அடியால்தான் கெட்டது என்று நிரூபிப்பது கஷ்டம்.

ஜீரோ டெப் எடுத்திருக்கேன். பேட்டரிக்கும் முழுசா வந்துரும்தான?

தானாக வந்துவிடும் என்று நம்ப வேண்டாம். சாதாரண பாலிசியில் ரப்பர், நைலான், பிளாஸ்டிக், டயர், ஏர்பேக்கோடு பேட்டரிக்கும் 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். பெயிண்டிங் பில்லில் கால் பங்கைப் பொருள் விலையாக எடுத்து அதில் பாதி கழியும். ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காமல் கொடுக்கும் ஆட்-ஆன்) இதையெல்லாம் பொதுவாகச் சரிக்கட்டும், ஆனால் பெரிய பேட்டரி அதில் சேர்த்தியா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறுகிறது. பேட்டரிக்கென்றே தனி ஆட்-ஆன் விற்கிறார்கள், ஈவி வைத்திருப்பவர்கள் அதை எடுத்தே ஆக வேண்டும் என்பது என் கருத்து. எட்டு ஆண்டு வாரன்டி இருக்கிறதே என்பார்கள். அது தானாக வரும் கோளாறுக்கு, கல் இடித்ததற்குக் கிடையாது.

வண்டி வாங்கறப்ப 5 சதவீதம்தான் ஜிஎஸ்டி, பம்பர் பில்லுல மட்டும் 18 போட்டிருக்கீங்களே?

5 சதவீதம் முழு எலக்ட்ரிக் வண்டிக்கு மட்டும், 2019 ஆகஸ்டிலிருந்து. பாகமாக வாங்கும்போது பம்பர் பம்பர்தான், ரிப்பேர் கூலிக்கும் 18. நாங்களாகக் கூட்டிப் போடுவது இல்லை.

சர்வேயர் டோட்டல் லாஸ்னு சொல்றார். வெளிய பாத்தா வண்டி நல்லாத்தானே இருக்கு?

ரிப்பேர் செலவு வண்டியின் ஐடிவியில் (பாலிசியில் வண்டிக்குப் போட்டிருக்கும் மதிப்பு) 75 சதவீதத்தைத் தாண்டினால் டோட்டல் லாஸ், அதாவது முழு நஷ்டம், என்று எடுத்துக்கொள்வார்கள். ஐடிவி ஆண்டுக்கு ஆண்டு இறங்குகிறது, மூன்று வருஷம் முடிந்த வண்டிக்கு 40 சதவீதம் கழிந்திருக்கும், பேட்டரி விலை அந்த வேகத்தில் இறங்குவதில்லை. அதனால் முழு பேட்டரி மாற்று என்று எஸ்டிமேட்டில் ஒரு வரி வந்தாலே கணக்கு அந்தப் பக்கம் சாய்ந்துவிடும்.

உடனே கையெழுத்துப் போடாதீர்கள். பேட்டரியை ஏன் மாற்ற வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள்: செல் வோல்ட், இன்சுலேஷன் அளவு, டொக்கின் ஆழம், பெட்டி மட்டும் தனியாகக் கிடைக்குமா, ஒரு மாட்யூல் (செல்கள் சேர்ந்த ஒரு தொகுதி) மட்டும் மாற்ற முடியுமா. உண்மையிலேயே பெட்டி உடைந்திருந்தால் டோட்டல் லாஸ்தான் பாதுகாப்பு, அதை ஏற்றுக்கொள்ளுங்கள். சோதனையே செய்யாமல் பெட்டியில் கீறல் இருக்கிறது என்பதற்காக முழு பேட்டரி போட்டிருந்தால் மறுசோதனை கேட்க உங்களுக்கு எல்லா நியாயமும் உண்டு.

வேலையோட வேலையா அண்டர் கோட்டிங் அடிச்சு, சைடு ஸ்டெப்பும் போட்டுக் குடுங்களேன்?

அண்டர் கோட்டிங் சக்கர வளைவுகளுக்கும் சட்டத்துக்கும் அடிக்கலாம். பேட்டரிப் பெட்டிமேல், அதன் காற்று வெளியேறும் சிறு வால்வுமேல், ஆரஞ்சு கேபிள்மேல் படக் கூடாது. வால்வு அடைத்தால் பெட்டிக்குள் அழுத்தம் ஏறும்போது வெளியேற வழியிருக்காது. மறைத்து ஒட்டிவிட்டு அடிக்கிறார்களா என்று நேரில் பாருங்கள். சைடு ஸ்டெப் கம்பெனி கொடுத்திருக்கும் துளைகளில் மாட்டுவதானால் சரி, தரையிலோ கதவுக்குக் கீழே உள்ள நீளப் பெட்டிப் பகுதியிலோ புதிதாக ட்ரில் போட வேண்டும் என்றால் நான் செய்து தருவதில்லை.

வேலை முடிஞ்சு வண்டி எடுக்கறப்ப நான் என்ன பாக்கணும்?

பெயிண்டை ஷெட்டுக்குள் பார்க்காதீர்கள், வெளியே வெயிலில் நிறுத்திப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். பேர்ல் ஒயிட் மாதிரி நிறங்கள் ட்யூப் லைட்டில் சேர்ந்த மாதிரி தெரிந்து வெயிலில் காட்டிக்கொடுக்கும். கதவு இடைவெளி இரண்டு பக்கமும் ஒரே அளவா என்று விரலை வைத்துப் பாருங்கள்.

அப்புறம் தாள்கள். கோட்டுக்கு அந்தப் பக்கத்து வேலை எதுவும் நடந்திருந்தால் வேலைக்கு முன்பும் பின்பும் எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட், இன்சுலேஷன் அளவு, அடாஸ் சரிசெய்த சான்று, எல்லாவற்றையும் பிரின்ட் எடுத்து வாங்குங்கள், பின்னால் வண்டியை விற்கும்போது வாங்குகிறவர் முதலில் கேட்பது இதைத்தான். கிளம்பும் முன் அங்கேயே ஒரு தடவை ஸ்லோ சார்ஜும், வசதி இருந்தால் ஃபாஸ்ட் சார்ஜும் போட்டு ஏறுகிறதா என்று பாருங்கள். ஏசி, ரிவர்ஸ் கேமரா, பார்க்கிங் சென்சார் எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள். போகும் வழியில் மீட்டரில் ஏதாவது மஞ்சள் விளக்கு எரிந்தால் வீட்டுக்குப் போய்ப் போன் செய்யலாம் என்று இருக்காமல் அப்படியே திருப்பிக் கொண்டுவந்துவிடுங்கள்.